நாற்சந்தியில் யார் நிற்க வேண்டும்?

மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இரண்டு சின்னத் தெருக்கள் வெட்டிக்கொள்ளும் இடம். சிக்னல் கிடையாது, பலகை கிடையாது, தரையில் வெள்ளைக் கோடும் கிடையாது. நான் நேராகப் போக வேண்டும். இடப்பக்கத் தெருவிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிரேக் போட்டோம். ‘நீங்க போங்க’ என்று அவர் கை காட்டினார். அதே நொடியில் நானும் அவருக்குக் கை காட்டியிருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அப்புறம் சேர்ந்தே கிளம்பினோம், சேர்ந்தே மறுபடி பிரேக் அடித்தோம். அவர் பம்பருக்கும் என் முன்கதவுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடம் மிச்சம். வலப்பக்கத் தெருமுனையில் ஒரு பெண் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் சரி, அவரும் சரி, அவசரப்படவில்லை. விட்டுக்கொடுக்கத்தான் நினைத்தோம். அப்படியும் மோதப் பார்த்தோம் என்றால், நிற்க வேண்டியவர் யார் என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை என்பதுதான் காரணம். அதன் பிறகு பல நாட்டு விதிகளைத் தேடிப் படித்தேன். நாம் கேட்கிற கேள்வியே கொஞ்சம் தப்பு என்று அப்போது பட்டது.

‘முதலில் போகிற உரிமை யாருக்கு?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். விதிகள் பெரும்பாலும் அப்படிப் பேசுவதில்லை. பிரிட்டனின் சாலை விதிக் கையேடு ஓட்டுநர்களுக்கான பொது விதிகளைத் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறது: இந்த விதிகள் எந்தச் சூழ்நிலையிலும் உங்களுக்கு வழியுரிமை தருவதில்லை, எப்போது நீங்கள் மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பதைத்தான் சொல்கின்றன. கடலிலும் இதே கதைதான். 1972-ல் உருவான கப்பல் மோதல் தடுப்பு விதிகளின்படி, இரண்டு இயந்திரக் கப்பல்கள் குறுக்காக வரும்போது எந்தக் கப்பலுக்கு வலப்பக்கம் மற்றது இருக்கிறதோ அந்தக் கப்பல்தான் ஒதுங்க வேண்டும். மற்றக் கப்பல் தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். மாற்றாமல் போவதும் அங்கே ஒரு கடமை, சலுகை அல்ல. ஒதுங்கவேண்டிய கப்பல் ஒதுங்காவிட்டால் ‘விதி என் பக்கம்’ என்று அது நேராகப் போய் மோதவும் கூடாது. தானும் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

ஆக, விதி ஒருவரிடம் கடமையைக் கொடுக்கிறது. இன்னொருவருக்கு அதன் பலன் போய்ச் சேருகிறது. பலனை நம்பி மட்டும் வண்டியை உள்ளே விடுகிறவர்தான் பெரும்பாலும் அடிபடுகிறார்.

சரி, அந்தக் கடமை யார் மேல் விழுகிறது?

உலகத்தில் அதிகம் புழங்கும் விடை, ‘வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிடு’ என்பது. 1968-ல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 18-வது பிரிவு, சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு இதைத்தான் சொல்கிறது. மண்பாதையிலிருந்தோ வீட்டு வளாகத்திலிருந்தோ சாலைக்கு வருகிறவர் எல்லோருக்கும் வழிவிட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு மட்டும் அந்த உடன்படிக்கை பொதுவிதி எதையும் சொல்லாமல், பலகை, சிக்னல், கோடுகள் மூலம் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறது. இந்தியா இடப்பக்கம் ஓட்டும் நாடு. 1989-ல் வந்த சாலை விதி ஒழுங்குமுறை, பிரதான சாலை என்று அறிவிக்கப்பட்ட சாலைக்குள் நுழைகிறவர் அதில் போகும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும், மற்ற சந்திப்புகளில் வலப்பக்கத்திலிருந்து வரும் எல்லாப் போக்குவரத்துக்கும் வழிவிட வேண்டும் என்று எழுதி வைத்தது. பிரிட்டனும் இடப்பக்கம் ஓட்டும் நாடுதான், ஆனால் அங்கே விடை நேர் எதிர்: குறியீடு இல்லாத நாற்சந்தியில் யாருக்கும் முன்னுரிமை இல்லை, மிகுந்த கவனத்தோடு போங்கள். சிக்னல் வேலை செய்யாதபோதும் அங்கே இதே நிலைதான்.

‘யாருக்கும் முன்னுரிமை இல்லை’ என்று படித்ததும் எனக்குத் திகைப்பாக இருந்தது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பது போலத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது: எல்லோரையும் தயங்க வைக்கிறது. ஆனால் போக்குவரத்து கொஞ்சம் கூடினாலும் தயக்கம் தாங்காது. அதனால்தான் அந்த நாட்டில் சின்னத் தெருமுனைகளில்கூட ‘வழிவிடு’ கோடு போட்டுவிடுகிறார்கள்.

அது ஏன் வலப்பக்கம்? இந்த இடத்தில் ஒரு தாளை எடுத்து நாற்சந்தி ஒன்றை வரைந்து பார்த்தால் பல விஷயம் புரியும். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நேராகப் போகிறீர்கள், உங்கள் சாலையின் வலது பாதியில். வலப்பக்கத் தெருவிலிருந்து வருகிறவரும் தன் சாலையின் வலது பாதியில் வருகிறார், அதாவது உங்களிடமிருந்து தள்ளி இருக்கிற பாதியில். இரண்டு பாதைகளும் வெட்டும் புள்ளி அவருக்குப் பக்கம், உங்களுக்குத் தூரம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சந்திப்பின் விளிம்பைத் தொட்டால் அவர்தான் அந்தப் புள்ளிக்கு முதலில் வந்து சேருவார். உங்களுக்கோ நிறுத்துவதற்கு அரைச் சாலை அகலம் கூடுதலாகக் கிடைக்கிறது. நிறுத்த இடம் இருப்பவரிடம் நிற்கிற கடமை. அமைப்பிலேயே நியாயம் இருக்கிறது.

இதே படத்தை இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குத் திருப்பிப் போடுங்கள். வலப்பக்கத் தெருவிலிருந்து வருகிறவர் இப்போது உங்களுக்கு அருகில் இருக்கிற பாதியில் வருகிறார். வெட்டுப்புள்ளி உங்கள் வண்டியின் மூக்குக்கு நேர் முன்னால். அவருக்கு அது சந்திப்பின் அந்தக் கோடியில். நிற்க வேண்டியவர் நீங்கள், ஆனால் முந்திப் போய்விட எளிதாக வாய்ப்பு இருப்பதும் உங்களுக்குத்தான். ‘அவர் வருவதற்குள் தாண்டிவிடலாம்’ என்ற எண்ணம் வருவதற்குத் தோதான அமைப்பு இது. விதி ஒன்றைச் சொல்ல, கண்ணும் காலும் வேறொன்றைச் சொல்கின்றன. இடப்பக்கம் ஓட்டும் ஊர்களில் இந்த விதி ஏட்டில் இருந்தும் நடைமுறையில் பலவீனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆறுதலாக ஒன்று சொல்லலாம்: அங்கெல்லாம் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார், வலது சன்னல் முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, எட்டிப் பார்ப்பது சுலபம்.

ரவுண்டானாவுக்கு வந்தால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் வட்டத்தைச் சுற்றும் வண்டிகள், உள்ளே நுழைகிறவருக்கு வலப்பக்கத்திலிருந்து வருகின்றன. வலப்பக்கத்துக்கு வழிவிட்டால் சுற்றுகிறவர்களுக்கு வழிவிட்டதாகிறது, வட்டம் காலியாகிக்கொண்டே இருக்கிறது. பிரிட்டன் 1966 நவம்பரில் இதை விதியாக்கியது. வலப்பக்கம் ஓட்டும் நாட்டிலோ, சுற்றுகிறவருக்கு வலப்பக்கம் இருப்பவர் உள்ளே நுழைகிறவர். பழைய விதியை அப்படியே வைத்தால் நுழைகிறவர்கள் நுழைந்துகொண்டே இருப்பார்கள், உள்ளே மாட்டியவர்கள் வெளியே போக முடியாது. பிரான்ஸ் பல வருடம் இப்படித்தான் ஓட்டியது. 1984-ல்தான், பலகை வைத்த ரவுண்டானாக்களில் நுழைகிறவர் வழிவிட வேண்டும் என்று மாற்றினார்கள். பாரிஸில் 12 அகலச் சாலைகள் வந்து சேரும் வெற்றி வளைவைச் சுற்றிய வட்டத்தில் மட்டும் இன்றைக்கும் பழைய விதிதான்: நுழைகிறவருக்கு, சுற்றுகிறவர் நின்று வழிவிடுகிறார்.

வலப்பக்க விதிக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. நான்கு தெருக்களிலிருந்தும் நான்கு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றால்? ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொருவரும் நிற்க வேண்டும். விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் அங்கேயே இருட்டிவிடும். மூன்று வண்டிகள் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. யாரோ ஒருவருக்கு வலப்பக்கம் காலியாக இருக்கும். அவர் கிளம்ப, அடுத்தவருக்கு வழி திறக்க, வரிசை தானாக அவிழ்ந்துவிடும்.

நான்கு பேர் மாட்டிக்கொள்ளும் நிலைமைக்கு ஜெர்மானிய சாலைச் சட்டத்தில் 11-வது பிரிவு இருக்கிறது. முன்னுரிமை உள்ளவரும் நிலைமை கேட்டுக்கொண்டால் அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறது. கூடவே ஒரு நிபந்தனை: அவர் விட்டுக்கொடுத்தார் என்று நீங்கள் நம்ப வேண்டுமானால், அவரோடு உங்களுக்குத் தெளிவான புரிதல் ஏற்பட்டிருக்க வேண்டும். ஏதோ கை அசைந்தது போல இருந்தது என்பதெல்லாம் போதாது.

கை அசைவில் எவ்வளவு குழப்பம் இருக்கிறது என்பதை அந்த மழை நாளில் நேரில் பார்த்தேன். கண்ணாடியில் வானம் பிரதிபலிக்கும்போது உள்ளே இருக்கும் கை பாதிதான் தெரியும். ‘போங்க’ என்கிறதா, ‘நில்லுங்க’ என்கிறதா, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போது அசைந்ததா என்று எப்படிச் சொல்வது? ஹெட்லைட்டை ஒருமுறை மின்ன விடுவது இன்னும் மோசம். ஒரு ஊரில் அதற்கு ‘நீங்க போங்க’ என்று பொருள், இன்னொரு ஊரில் ‘நான் வந்துகொண்டிருக்கிறேன், நில்லுங்கள்’ என்று பொருள். பிரிட்டிஷ் கையேடு, விளக்கு மின்னுவதை அழைப்பாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று தனியாகவே எச்சரிக்கிறது.

கையைவிட நம்பகமானது முன்சக்கரம். நின்றிருக்கும் கார் கிளம்பும்போது, வண்டியின் உடம்பு நகர்வது கண்ணுக்குப் படும் முன்பே சக்கரத்தின் கம்பிகள் சுழல்வது தெரிந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இண்டிகேட்டர் போட மறந்தவர்கூட எந்தப் பக்கம் போக நினைக்கிறார் என்பதை டயர் சொல்லிவிடும். இப்போதெல்லாம் சந்திப்பில் நின்றால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே கண்ணை அவர் டயருக்கு இறக்கிவிடுகிறேன்.

ஜெர்மானியச் சட்டத்தின் 8-வது பிரிவில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி இருக்கிறது. வழிவிட வேண்டியவர் தன் ஓட்டும் விதத்தால், குறிப்பாக மிதமான வேகத்தால், தான் காத்திருக்கப் போவதை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்கிறது அது. நின்றால் மட்டும் போதாது, நிற்கப் போவது எதிராளிக்குத் தெரிய வேண்டும். கப்பல் விதிகளும் இதையே கேட்கின்றன: ஒதுங்குகிற கப்பல் சீக்கிரமாகவும், மற்றக் கப்பலின் கண்ணுக்குச் சட்டென்று படும்படி பெரிதாகவும் திரும்ப வேண்டும். கடைசி நொடியில் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறவரும் ஒரு கணக்கில் வழிவிட்டவர்தான். ஆனால் எதிரே வருகிறவருக்கு அவர் நிற்பாரா மாட்டாரா என்ற திகிலைக் கொடுத்துவிட்டார், அவரையும் பிரேக் அடிக்க வைத்துவிட்டார். அப்புறம் இரண்டு பேரும் நிற்பார்கள், கை காட்டுதல் தொடங்கும். நாங்கள் இருவரும் இருபது அடி முன்பே வேகத்தைக் குறைப்பதில் வித்தியாசம் காட்டியிருந்தால் யாரும் கையைத் தூக்கவே வேண்டியிருந்திருக்காது.

விதியை எழுதுகிற விதம் மனிதர்களை எப்படி மாற்றிவிடும் என்பதற்கு பெல்ஜியம் நல்ல உதாரணம். அங்கேயும் வலப்பக்கத்துக்கு முன்னுரிமை. ஆனால் நெடுநாளாக ஒரு துணைவிதி இருந்தது: வலப்பக்கத்திலிருந்து வருகிறவர் நின்றுவிட்டால், மறுபடி கிளம்பும்போது அவருக்கு முன்னுரிமை கிடையாது. எழுதியவர்கள் நல்லபடியாக யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள். நிற்கிறவர் போகிற எண்ணம் இல்லாதவர் என்று கொண்டிருப்பார்கள். தெருவில் அது வேறு மாதிரி ஆயிற்று. பயந்து, ஜாக்கிரதையாக ஒரு கணம் நிறுத்திப் பார்க்கிறவருக்குத் தண்டனை, பார்க்காமல் நுழைகிறவருக்குப் பரிசு. பிரேக்கை யார் முதலில் தொடுகிறாரோ அவர் தோற்றார். இடப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கும் இது தெரியும். அவர் வேகத்தைக் குறைக்காமல் வந்து எதிராளியைப் பயமுறுத்தி நிறுத்திவிட்டால், முன்னுரிமை இவர் கைக்கு வந்துவிடும். 2007 மார்ச்சில் அந்தத் துணைவிதியை எடுத்துவிட்டார்கள். இப்போது நின்றாலும் வலப்பக்கத்தவரின் முன்னுரிமை போகாது. ஒரே ஒரு வரி நீக்கம்தான், ஆனால் நின்று பார்ப்பதை நட்டமில்லாத காரியமாக ஆக்கிவிட்டது. சாலை விதி எழுதுகிற எவரும் படிக்க வேண்டிய பாடம் இது என்பேன்.

அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும் வேறு வழியில் போகின்றன. சந்திப்பின் எல்லாப் பக்கங்களிலும் ‘நில்’ பலகை. எல்லோரும் முழுதாக நிற்க வேண்டும். முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும். அமெரிக்காவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் வலப்பக்கத்தவர் முதலில். வரிசையில் நிற்கத் தெரிந்த எவருக்கும் இது உடனே புரிந்துவிடும், அதுதான் இதன் பலம். ‘நில்’ பலகை 1915-ல் டெட்ராய்ட்டில் வந்தது. ‘வழிவிடு’ பலகை 1950-ல்தான் துல்சா நகரத்தில் வந்தது, அதைக் கொண்டுவந்தவர் கிளின்டன் ரிக்ஸ் என்ற போலீஸ்காரர். நிற்கச் சொல்வதற்கும் வழிவிடச் சொல்வதற்கும் நடுவே 35 வருடம்.

இந்த ‘முதலில் வந்தவர் முதலில்’ முறை வெறும் விதியால் ஓடவில்லை என்பது 2009-ல் தெரிய வந்தது. கூகுளின் தானியங்கிக் கார் ஒன்று இப்படிப்பட்ட நால்வழி நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் முழுதாக நிற்கட்டும் என்று அது காத்திருந்தது. மனித ஓட்டுநர்களோ முழுதாக நிற்காமல், அங்குலம் அங்குலமாக முன்னே நகர்ந்துகொண்டே இருந்தார்கள். கார் நகரவே முடியவில்லை. வண்டியின் மூக்கைக் கொஞ்சம் நீட்டுவது ஒரு பேச்சு: ‘அடுத்தது நான்’ என்று சொல்வது. அந்தப் பேச்சு அதற்குத் தெரியவில்லை.

முச்சந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் அங்கேயும் வலப்பக்க விதியேதான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும், முடிகிற சாலையிலிருந்து வருகிறவர் நேராகப் போகும் சாலைக்கு வழிவிட வேண்டும். நியூசிலாந்தில் 1977-லிருந்து இடப்பக்கம் திரும்புகிறவர், எதிரிலிருந்து வந்து அதே தெருவுக்குள் வலப்பக்கம் திரும்புகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று உலகில் பெரும்பாலான இடங்களில் பழக்கமில்லாத ஒரு விதி இருந்தது. 2012 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஒரே நாளில் அதைத் திருப்பிப் போட்டார்கள்.

எந்த விதியானாலும் எதிராளியைப் பார்த்தால்தான் கடைப்பிடிக்க முடியும். இரண்டு வண்டிகள் மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கிப் போகும்போது, ஒருவர் கண்ணில் மற்றவர் நகராமல் ஒரே கோணத்தில் நிற்பார். நகராத ஒன்றைக் கண் எளிதில் கவனிக்காது. மாலுமிகளுக்கு இது பழைய பாடம்: எதிர்க் கப்பலின் திசைக்கோணம் மாறவில்லை என்றால் மோதல் வருகிறது. காரில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது, முன்கண்ணாடியின் ஓரத் தூண். நகராத அந்தக் கோணம் தூணுக்குப் பின்னால் விழுந்துவிட்டால், சைக்கிள் ஒன்று கடைசி நொடிவரை முழுதாக மறைந்தே வரும். இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் இப்ளி கிராஸ் என்ற நாற்சந்தி இதற்காகவே பேர்போனது. சுற்றிலும் திறந்த வெளி. வழிவிடும் பலகை இருந்தது. அப்படியும் அங்கே சைக்கிளில் போனவர்கள் கார் மோதி இறந்திருக்கிறார்கள். இதற்கு மருந்து ரொம்ப எளிது: சந்திப்பை நெருங்கும்போது வேகத்தை மாற்றுங்கள், தலையை முன்னும் பின்னும் அசைத்துத் தூணுக்குப் பின்னால் பாருங்கள். வேகம் மாறினால் கோணமும் மாறும், மறைந்தது வெளியே வரும்.

சைக்கிள் என்றதும் நெதர்லாந்து நினைவுக்கு வருகிறது. சைக்கிள்களின் நாடு என்று பெயர் வாங்கிய அங்கேயே, 2001 மே 1 வரை வலப்பக்கத்திலிருந்து வரும் சைக்கிளுக்கு மோட்டார் வண்டி வழிவிட வேண்டியதில்லை. வலப்பக்க முன்னுரிமை மோட்டார் வைத்தவர்களுக்குத்தான். அந்த நாளுக்குப் பிறகுதான் வலப்பக்கம் என்றால் யார் வந்தாலும் வலப்பக்கம் என்று ஆனது. பிரிட்டன் 2022 ஜனவரியில் கையேட்டைத் திருத்தி, தெருவுக்குள் திரும்பும் ஓட்டுநர் அந்தத் தெருவைக் கடப்பவருக்கு மட்டுமல்ல, கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும் என்று சேர்த்தது.

இதையெல்லாம் படித்த பிறகு அந்த மழை நாளை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். வெள்ளைக் காருக்கு வலப்பக்கம் நான். எனக்கு வலப்பக்கம் அந்த சைக்கிள். சைக்கிளுக்கு வலப்பக்கத் தெரு காலி. மூன்று வண்டிக் கணக்கு, வரிசையில் சந்தேகத்துக்கே இடமில்லை: முதலில் சைக்கிளில் வந்த அந்தப் பெண், அப்புறம் நான், அப்புறம் வெள்ளைக் கார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கை காட்டிக்கொண்டிருந்தோம், அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. இரண்டு கார்களும் ஒருவழியாகப் போய் முடிந்த பிறகுதான் அவர் ஊன்றிய காலைத் தரையிலிருந்து எடுத்தார். பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.